துப்பாக்கிக்கு எந்தக் கால் பொருத்தம்?

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிச் சீமைக்கு வந்திருக்கிறீர்களா? குற்றாலத்தில் குளித்து முடித்துச் சாரலில் நனைந்தபடியே ஊர் திரும்புகிறவர்கள், கொஞ்சம் வடக்கே நகர்ந்து பண்பொழி, வடகரை, மேக்கரைப் பக்கத்து வாழைத் தோட்டங்களையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று, குலை தள்ளிய வாழையை லேசில் விடுவதில்லை. தோட்டக்காரர் என்ன செய்கிறார்? இரண்டு கம்புகளை எடுத்துத் தலைப்பக்கம் கத்தரிபோல் பின்னிக் கட்டுகிறார். கால்களை அகட்டி மண்ணில் ஊன்றுகிறார். அந்தக் கவையில் வாழையின் கழுத்தைச் சாய்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார்.

ஒரே கம்பாக இருந்தால் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடும். மூன்று கம்பு வேண்டியதில்லை. ஏன் தெரியுமா? மூன்றாவது கால் வாழையே அல்லவா!

இந்தச் சூட்சுமம் புரிந்துவிட்டால், தொலைதூரத்துக்குச் சுடும் ரைபிளுக்கு எப்படிப்பட்ட ‘பைபாட்’ வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரிதான். பைபாட் என்றால் வேறொன்றும் இல்லை. ரைபிளின் முன்பக்கத்தில் மாட்டும் இரண்டு கால்கள். வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம், வேண்டாதபோது மடக்கிக்கொள்ளலாம்.

“குடும்பப் பத்திரிகையில் துப்பாக்கி விஷயம் எதற்கு?” என்று புருவத்தை உயர்த்த வேண்டாம், அம்மா! உங்கள் மகன் ராணுவத்தில் இருக்கலாம். மகள் என்.சி.சி.யில் சேர்ந்து தோளில் ரைபிளைத் தாங்கிக் குறி பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கலாம். தம்பி சுடும் விளையாட்டில் ஆசைப்பட்டு, “அண்ணா, ஒரு பைபாட் வாங்கித் தாருங்கள்” என்று விலைப்பட்டியலை நீட்டலாம். பணம் கொடுக்கிறவருக்குப் பொருளைப் பற்றி நாலு விஷயம் தெரிந்திருப்பது நல்லதுதானே?

ஒரு மில்லிமீட்டர், ஒரு மீட்டர்

ரைபிளைத் தோளில் அணைத்துப் படுத்தபடி சுடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளுக்கும், முன்னால் அதைத் தாங்கும் இடத்துக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளி. முன்பக்கம் ஒரே ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் என்ன ஆகும்? நூறு மீட்டர் தூரத்தில் குண்டு பத்துச் சென்டிமீட்டர் விலகிவிடும். முந்நூறு மீட்டரில் முப்பது சென்டிமீட்டர். ஆயிரம் மீட்டரிலோ முழுசாக ஒரு மீட்டர்!

நாம் மூச்சு விடுகிறோம். மார்பு ஏறி இறங்குகிறது. இதயம் துடிக்கிறது, அந்தத் துடிப்பு கை வழியாகக் கட்டைக்கு வருகிறது. ஐந்து நிமிஷம் தாங்கிக்கொண்டிருந்தால் தசை நடுங்குகிறது. எப்பேர்ப்பட்ட சூரனுக்கும் இவை உண்டு. இந்த நடுக்கத்தைத் தரையில் இறக்கிவிடுவதுதான் பைபாட்டின் வேலை. மட்டமான ரைபிளை அது நல்ல ரைபிள் ஆக்குவதில்லை. சுடத் தெரியாதவரைச் சுடத் தெரிந்தவர் ஆக்குவதுமில்லை. கையின் நடுக்கத்தில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

தூரம் கூடக் கூடத்தான் காலின் அவசியமும் கூடும். வடகரைக்குப் பக்கத்துச் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயிலடியில் கலெக்டர் ஆஷின்மீது நீட்டியது கைத்துப்பாக்கி. அது கைக்கெட்டும் தூரத்து விஷயம்; அதற்குக் காலும் வேண்டியதில்லை, கவையும் வேண்டியதில்லை.

கவைக்கம்பின் சரித்திரம்

துப்பாக்கிக்கு முட்டுக் கொடுப்பது நேற்றைய யோசனை அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சிப்பாய், திரி வைத்துச் சுடும் கனத்த துப்பாக்கியை ஒரு தோளிலும், அதைச் சாத்தி வைக்கக் கவைக்கம்பை ஒரு கையிலும் சுமந்துகொண்டு நடந்தான். துப்பாக்கியின் கனம் குறைந்த பிறகு கம்பைப் போட்டுவிட்டான். திபெத்து வேட்டைக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். கம்பைத் தனியாகச் சுமப்பானேன் என்று, இரண்டு கூரான கொம்புகளைத் துப்பாக்கியின் முன்பக்கத்திலேயே கீல் வைத்துப் பிணைத்துவிட்டார்கள். மடக்கினால் கொம்புகள் குழலோடு ஒட்டிக்கொள்ளும். விரித்தால் மண்ணில் ஊன்றிக்கொள்ளும். மரத்தாலும் செய்தார்கள்; மானினத்துக் கொம்பாலும் செய்தார்கள். இன்றைய பைபாட்டுக்கு அதுவே பாட்டனார் என்று சொல்லலாம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போய் வந்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், ‘ப்ரென் கன்’ என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். செக்கோஸ்லோவேகியாவின் ப்ருனோ நகரத்தில் பிறந்து, இங்கிலாந்தின் என்ஃபீல்டில் வளர்ந்த இலகு யந்திரத் துப்பாக்கி அது. இரண்டு ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்துத்தான் ‘ப்ரென்’ ஆயிற்று. முன்னால் இரண்டு கால்களை அகட்டிக்கொண்டு நிற்பதே அதன் அடையாளம்.

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல் நிறுவப்பட்டது. 2021 அக்டோபர் முதல், பாதுகாப்புத் துறையின் புதிய அரசு நிறுவனம் ஒன்றின் கீழ் அது இயங்கி வருகிறது. அங்கே உருவான ‘வித்வன்சக்’ என்ற பெரிய ரைபிள், எதிரியின் வாகனத்தையும் தளவாடத்தையும் துளைப்பதற்காக ஏற்பட்டது. குண்டின் பருமன் 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என்று மூன்று வகை. குழலையும் சில உறுப்புகளையும் மாற்றி வகையை மாற்றிக்கொள்ளலாம். சிறிய வகைகளே 25 கிலோ எடை. எட்டும் தூரம் சுமார் 1,800 மீட்டர். ஒரு சிப்பம் சிமெண்டில் பாதி எடையைக் கையில் ஏந்திக்கொண்டு எந்த பீமசேனன் குறி பார்ப்பான்? ஆகவே கால் வைத்தே பிறந்தது அது.

முதலில், உங்களுக்கு வேண்டுமா?

கடைக்குப் போவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ நகரில் உலகக் கோப்பைத் தங்கப் பதக்கம் வாங்கினாரே, அந்தப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பைபாட் அறவே கூடாது. நின்றுகொண்டு, தன் எலும்பையும் தசையையுமே முட்டாக வைத்துத்தான் சுடவேண்டும். ஒலிம்பிக் வழியில் போக விரும்பும் பிள்ளைக்குப் பைபாட் வாங்கிக் கொடுப்பது, நீச்சல் பழகப் போகிறவனுக்குப் படகு வாங்கிக் கொடுப்பதுபோல!

மாற்றுத் திறனாளிகளுக்கான போட்டியில் ‘எஸ்.எச். 2’ என்று ஒரு பிரிவு உண்டு. கையால் ரைபிளின் எடையைத் தாங்க முடியாதவர்கள் அதில் கலந்துகொள்கிறார்கள். சுருள்வில் வைத்த ஒரு தாங்கியில் ரைபிளை வைத்துக் குறி பார்க்க விதியே அனுமதிக்கிறது. முட்டுக் கொடுப்பதில் இளப்பம் ஒன்றும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பைபாட்டுக்கே உரிய போட்டி ‘எஃப் கிளாஸ்’. கனடாவில் ஜார்ஜ் ஃபார்குஹார்ஸன் என்பவர் தொடங்கி வைத்தது. அவர் பெயரின் முதலெழுத்துத்தான் அந்த ‘எஃப்’. முந்நூறு மீட்டரிலிருந்து ஆயிரம் கஜம் வரை படுத்தபடி சுடுவார்கள். அதில் ‘எஃப்.டி.ஆர்.’ என்ற பிரிவில், முன்னால் பைபாட், பின்னால் மணல் பை, இரண்டுதான் முட்டு. ரைபிள், ஸ்கோப், பைபாட் எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே அங்கே பைபாட்டின் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு.

காட்டோரத்து விவசாயி ஒருவர் குறுக்கிட்டு, “பன்றி வந்து வயலை அழிக்கிறதே, ஐயா! எனக்கு ஒன்று வேண்டாமா?” என்று கேட்கக்கூடும். அவர் வேதனை நியாயமானது. ஆனால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படியும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம், விவசாயி அல்ல. துப்பாக்கி வைத்திருக்கவும் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். ஆகவே வடகரை வயலுக்குப் பைபாட் மருந்து அல்ல.

உயரம், பாதம், சாய்வு

சரி, வேண்டும் என்றே தீர்மானித்துவிட்டீர்கள். என்னென்ன பார்ப்பது?

முதலில் உயரம். குட்டையான கால்தான் ஆடாத கால். முக்காலிக்கும் ஏணிக்கும் உள்ள வித்தியாசம் இது. சமதரையில் படுத்துச் சுட, ஆறிலிருந்து ஒன்பது அங்குலம் வரை நீளும் கால் பெரும்பாலோருக்குப் போதும். புல் மறைக்கும் இடத்திலும், உட்கார்ந்து சுடுவதற்கும்தான் அதற்கு மேல் வேண்டும். “எதற்கும் இருக்கட்டும்” என்று இருபத்தேழு அங்குலம் நீளும் காலை வாங்கினால், அதன் கனமும் ஆட்டமும்தான் மிச்சம். இரண்டு கால்களும் தனித்தனியே நீள்கின்றனவா என்றும் பாருங்கள். மலையடிவாரத்துச் சரிவான தரையில் ஒரு காலைக் குறைத்து ஒரு காலை நீட்டவேண்டி வரும்.

அடுத்தது பாதம். ரப்பர் பாதம் சொரசொரப்பான தரைக்கு நல்லது. கூரான பாதம் மண்ணிலும் புல்லிலும் ஊன்றும், பாறையில் வழுக்கும். எஃப் கிளாஸ்காரர்கள் சறுக்குக் கட்டைபோன்ற அகலப் பாதத்தை விரும்புகிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ரைபிள் நேர்கோட்டில் பின்னால் வழுக்கி வந்து, அதே வழியில் திரும்பிப் போக அது வசதி. சிமெண்டுத் தரை மகா மோசம். வெடித்த வேகத்தில் கால் தத்திக் குதிக்கும். அதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு கோணிச் சாக்கை மடித்துக் காலுக்கடியில் போடுங்கள், குதிப்பு அடங்கும்.

மூன்றாவது சாய்வு. இதைத்தான் பலபேர் கவனிப்பதில்லை. குண்டு பறக்கப் பறக்கக் கீழே விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஈடு செய்யத்தான் குழலைச் சற்று மேல்நோக்கி வைக்கிறோம். ரைபிள் ஒரு பக்கமாக ஐந்து பாகை சாய்ந்திருந்தால், அந்த ‘மேல்நோக்கு’ பக்கவாட்டில் திரும்பிவிடும். வீழ்ச்சியில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு பக்கத்தில் விலகும். வீழ்ச்சி ஒரு மீட்டராக இருக்கும் தூரத்தில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் பிசகு. வீழ்ச்சி ஒன்பது மீட்டராக இருக்கும் தூரத்தில் முக்கால் மீட்டருக்கும் மேல்! ஆகவே காலை அசைக்காமலே ரைபிளை மட்டும் இடம் வலமாகச் சாய்த்து நேராக்கி, பிறகு திருகு வைத்து இறுக்கிக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும். அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணத்து ‘ஹாரிஸ்’ என்ற பழைய பெயர்பெற்ற பைபாட்டிலும் சாயும் வகை, சாயாத வகை என்று இரண்டு உண்டு. பெயரைப் பார்த்து வாங்கிவிட்டுச் சாயாத வகையோடு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. ஜாக்கிரதை!

இடம் வலமாகத் திரும்பும் வசதி வேறு. அது ‘அட்லஸ்’ போன்ற விலை உயர்ந்த வகைகளில் இருக்கிறது. நடமாடும் குறிக்கு அது உதவும். அசையாத பலகையைச் சுடுகிறவருக்கு, அது தளர்வதற்கு இன்னும் ஒரு மூட்டு, வேறொன்றுமில்லை.

எங்கே மாட்டுவது?

ஒருபோதும் குழலில் மாட்டாதீர்கள். குழல் வெடிக்கும்போது ஒரு தந்திபோல் அதிர்கிறது. அதில் எடையைத் தொங்கவிட்டாலோ, கீழிருந்து முட்டினாலோ அதிர்வு மாறும். குண்டு விழும் இடமும் மாறும். கட்டையின் முன்பக்கத்தில், தோள்வார் மாட்டும் குமிழிலோ அதற்கென்று வைத்த இரும்புப் பட்டையிலோ மாட்டவேண்டும். மரக்கட்டையில் குமிழ் வெறும் திருகாணியில் நின்றால், சில நாளில் ஆடத் தொடங்கும். உள்ளே மரை போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

பழைய மாதிரி ரைபிள்களில் மரம் குழலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பைபாட்டில் வைத்து அழுத்தினால் மரம் லேசாக வளைந்து குழலைத் தள்ளும். அப்படிப்பட்ட ரைபிளை எந்த முட்டில் வைத்துச் சுடப்போகிறீர்களோ, அதே முட்டில் வைத்தே குறியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மணல் மூட்டையில் வைத்துச் சரிசெய்துவிட்டுப் போட்டியில் பைபாட்டில் வைத்தால், “நேற்று நன்றாகத்தானே சுட்டது!” என்று தலையில் கை வைக்க நேரும்.

மூன்றாவது கால்

இப்போது வாழைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பு, மூன்றாவது கால் மரம். இங்கேயும் அப்படியே. பைபாட்டுக்கு இரண்டு கால். மூன்றாவது கால் நீங்கள். உங்கள் தோளும், கட்டையின் அடிப்பாகத்துக்குக் கீழே வைக்கும் பின்முட்டும் உறுதியாக இல்லாவிட்டால், எத்தனை ஆயிரம் ரூபாய் பைபாட்டும் ஆடத்தான் செய்யும்.

இந்தப் பின்முட்டுக்குக் கடைக்குப் போகவேண்டியதே இல்லை. கெட்டியான பழைய காலுறை ஒன்றில் சலித்த மணலை முக்கால் அளவு நிரப்பி, வாயை இரட்டைத் தையலாகத் தைத்துவிடுங்கள். மணல் கனம் என்றால் அரிசியோ பயறோ போடலாம். எலிக்குத் தெரியாமல் வைக்கவேண்டும், அவ்வளவுதான்! அதைக் கட்டைக்கடியில் வைத்து இடக்கையால் பிடியுங்கள். பையைப் பிசைந்தால் குறி கீழே இறங்கும். பிடியை விட்டால் மேலே ஏறும். நூலளவு நகர்த்த இதைவிட நல்ல யந்திரம் கிடையாது.

பிறகு தோளால் ரைபிளைச் சற்று முன்னுக்குத் தள்ளி, பைபாட் மீது சாய்ந்துகொள்ளுங்கள். காலில் உள்ள இம்மிச் சந்தும் அடைபடும். எவ்வளவு தள்ளுவது என்பதைவிட, ஒவ்வொரு வெடிக்கும் ஒரே அளவாகத் தள்ளுவதே முக்கியம். ஒரு தடவை தழுவி, ஒரு தடவை முட்டித் தள்ளினால், குண்டு ஆளுக்கொரு பக்கமாய்ப் போகும்.

வாங்குமுன் கடையிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். கால்களை விரித்து மேஜையில் வைத்து முன்னும் பின்னும் அழுத்துங்கள், முறுக்குங்கள். ‘கடக் கடக்’ என்று சத்தம் கேட்டால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். பூட்டும் விசை ஒரு கையால், இருட்டிலும் இயங்கவேண்டும். பிறகு சுடுதளத்தில், மணல் மூட்டைமேல் வைத்து ஐந்து வெடி, பைபாட்டில் வைத்து ஐந்து வெடி. இப்படி மூன்று முறை. இரண்டும் ஒரே அளவில் கூடினால் பைபாட் தேறியது. பைபாட்டில் மட்டும் சிதறினால் குறை அதன் மூட்டிலோ உங்கள் தோளிலோ இருக்கிறது. இரண்டிலுமே சிதறினால், ரைபிளையும் தோட்டாவையும் பாருங்கள். புதுப் பைபாட்டுக்குப் பணம் தேடாதீர்கள்.

கால் செய்யாத வேலைகள்

ஒன்று, காற்று. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, ஆயிரம் கஜத்தில் சாதாரண .308 குண்டை இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். ஆடி மாதத்து வடகரைக் காற்றுக்கு அது வெறும் முன்னுரை! குழலைக் கட்டிப் பிடிக்கலாம். குழலை விட்டுப் போன குண்டை எந்தக் காலும் பிடிக்காது. காற்றைப் படிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. குண்டு எங்கே போய் நிற்கும்?

என்.சி.சி. பிள்ளைகள் சுடுகிற சின்னஞ்சிறு .22 குண்டுகூட ஒரு மைலுக்கு மேல் போகவல்லது. பெரிய ரைபிளின் குண்டு மூன்று கிலோமீட்டரையும் தாண்டும். 2021 டிசம்பர் 30-ஆம் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டிச் சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்தது. தளத்துக்கு அப்பால், தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் போராடி, 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்துபோனான். அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள். மூடினால் பையன் வருவானா?

ஆகவே தம்பி விலைப்பட்டியலை நீட்டும்போது, அண்ணன் கேட்கவேண்டிய முதல் கேள்வி காலைப் பற்றியது அல்ல. “நீ சுடப்போகும் இடத்தில், பலகைக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா? எவ்வளவு உயரம்? அதற்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். அவனுக்குப் பதில் தெரியவில்லையானால், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். திருப்தியான பதிலோடு வந்தால், மணல் பை தைத்துக் கொடுங்கள். அதில் வைத்து ஆறு மாதம் பழகட்டும். பைபாட்டை அதற்குப் பிறகு வாங்கலாம். ஆறிலிருந்து ஒன்பது அங்குலம், சாயும் வகை, மறந்துவிடாதீர்கள்!